கல்லில் யார் பெயர்: ரோமானிய அடிமைகளின் சமாதிகளிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான் இங்கே எழுதிய ஒரு பதிவுதான். போன ஆண்டு ஒரு குழுவோடு இத்தாலி போய் வந்து வரிசையாக எழுதினேன். சாப்பாட்டைப் பற்றி எழுதியதை நிறையப் பேர் படித்தீர்கள். ரோம் நகரத்துக்குத் தெற்கே போகும் பழைய ஆப்பியா சாலையைப் பற்றி எழுதியதைப் படித்தவர்கள் கொஞ்சம்தான். கருங்கல் பாவிய அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சமாதிகள் நிற்கின்றன. அவற்றில் பல, விடுதலை பெற்ற அடிமைகளுடையவை.

அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமில் சுதந்திரமாகப் பிறந்தவனின் கல்லில் அவன் அப்பா பெயரின் முதலெழுத்தும், பக்கத்திலேயே ‘மகன்’ என்பதற்கு ஒரு எழுத்தும் இருக்கும். நம்ம ஊர் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமைக்குச் சட்டப்படி அப்பா கிடையாது. பெற்றவன் அதே வீட்டில் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தாலும் கிடையாது. அதனால் ஒரு அடிமை விடுதலையாகிச் செத்துப்போனால், அவன் கல்லில் அப்பாவின் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் எஜமானின் எழுத்து வரும். ‘மகன்’ என்பதற்குப் பதிலாக ‘விடுவிக்கப்பட்டவன்’ என்பதற்கான எழுத்து வரும். எஜமானின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வான். விடுதலைக்குப் பிறகும் எஜமான் வீட்டுக்குப் போய் வணக்கம் வைப்பதும், கூப்பிட்டால் வேலைக்குப் போய் நிற்பதும் உண்டு.

அந்தப் பதிவின் கீழே மார்கழியில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “மேடம், விடுதலை ஆன பிறகும் ஏன் முதலாளி பேரைக் கல்லில் போட்டுக்கிட்டாங்க? தெரிஞ்சா சொல்லுங்க. அவசரம்.”

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய விஷயத்தில் என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டேதான் பதில் போட்டேன். அவர் போன் நம்பர் அனுப்பினார். பேசினோம். பெயர் சாமுவேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பா ஏசுபாதம் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. முதலாண்டு ஜெபத்துக்குள் கல்லறையில் கல் வைக்க வேண்டும். ஏசுபாதம் சின்ன வயதிலிருந்து ஒரு பண்ணை வீட்டில் படியாளாக இருந்தவர். படியாள் என்றால் கூலிக்காரர் அல்ல. சாப்பாடு போட்டு வைத்துக்கொள்வார்கள். நினைத்தபோது வெளியே போக முடியாது. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் மகனிடம் ஒன்று கேட்டிருக்கிறார்: கல்லில் ‘பெரிய வீட்டு ஆள்’ என்று போட வேண்டும்.

“என்னால போட முடியாது மேடம்,” என்றார் சாமுவேல். “ஆனா அவரு கேட்டத செய்யாம இருக்கவும் முடியல. உங்க பதிவப் படிச்சப்ப, இதே மாதிரி ஊரு பேரு தெரியாத எவனோ செஞ்சிருக்கான்னு தெரிஞ்சிது. அவன் ஏன் செஞ்சான்னு தெரிஞ்சா எங்கப்பா ஏன் கேட்டாருன்னு புரியும்ல.”

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் இருப்பது வேப்பம்பட்டில். வேப்பம்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான் என்றாலும் ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். பேருந்தில் பெரியபாளையம் வழியாகவும் போகலாம். நான் ரயில் கட்சி. சனிக்கிழமை காலை 6.35க்கு வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறினேன். டிக்கெட் இருபது ரூபாய். கும்மிடிப்பூண்டி வண்டி அரை மணி நேரம் காக்க வைத்தது. எண்ணூர் தாண்டியதும் உப்புக் காற்று, அத்திப்பட்டில் புகைபோக்கிகள், மீஞ்சூருக்குப் பிறகு கொஞ்சம் வயல், மறுபடி கம்பெனிச் சுவர்கள். பெட்டியில் பாதிப் பேர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். 9.10க்கு இறங்கினேன்.

சாமுவேல் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவர். ஒரு ஆட்டோவை அரை நாளுக்கு அறுநூறு ரூபாய் என்று பேசி வைத்திருந்தார். டிரைவருக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்திருந்தது.

“யக்கா, ரோமுக்குப் போய் சுடுகாட்டையா பாத்துக்குனு வந்தீங்க?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

“அதுக்கு இன்னாத்துக்குக்கா அவ்ளோ தூரம்!”

சாமுவேல் வீடு தொழிற்பேட்டையை ஒட்டிய காலனியில், மூன்று கிலோமீட்டர். இரண்டு அறை, வாசலில் நீலத் தண்ணீர் டிரம். அவருடைய அம்மா எஸ்தரம்மா இட்லியும் வடகறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

“மொதல்ல நாஷ்டா துன்னு மா. அப்புறம் பேசிக்கலாம்.”

சாப்பிடும்போது சாமுவேல் தன் திட்டத்தைச் சொன்னார். என் பதிவைப் படித்த பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. ‘பெரிய வீட்டு ஆள்’ என்று போடாமல், ரோமில் சுதந்திரமாகப் பிறந்தவர்களுக்குப் போடுவது மாதிரி அப்பாவுக்கும் போட்டுவிடலாம்: ‘கிஷ்டன் மகன் ஏசுபாதம்’. தாத்தா பெயர் கிஷ்டன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கம்பெனி அட்டையிலும் கி. ஏசுபாதம் என்றுதான் இருந்தது. தாத்தா எந்த ஊர், எப்போது இறந்தார் என்று மட்டும் தெரியாது. பெரிய வீட்டில் கேட்டால் தெரியும். இன்றைக்கு அங்கே போய்க் கேட்டுவிடலாம்.

எஸ்தரம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“அங்க எதுக்குடா போற? வேணாம்.”

“கேட்டுக்குனு வந்துடப் போறேன்மா. சண்டைக்கா போறேன்?”

“எல்லாம் முடிஞ்சி மண்ணுக்குப் போன மனுசன். போய்ப் பேசுனா பேஜாருதான். சொன்னா கேளு.”

அவர் கேட்கவில்லை. கிளம்பினோம்.

பெரிய வீடு கிழக்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். நெடுஞ்சாலையைக் கடந்து, கொஞ்ச தூரம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பிறகு சட்டென்று வயல் வந்துவிடுகிறது. சம்பா கதிர் சாய்ந்திருந்தது. வழியில் ஒரு நீண்ட கம்பெனிச் சுவரைக் காட்டி சாமுவேல் சொன்னார்: “இதெல்லாம் அவங்க நிலம்தான் மேடம். இத வித்தப்பதான் எங்கப்பாவை விட்டாங்க. நிலம் இல்ல, ஆளு எதுக்கு? பத்து வருசம் கழிச்சி இதே கேட்டுக்குள்ள கான்ட்ராக்ட்ல லோடு ஏத்துனாரு. அப்பவும் ஞாயித்துக்கிழமையானா கோயில் முடிஞ்சி நேரா பெரிய வீட்டுக்குப் போயி வாசப் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் வருவாரு. யாரும் கூப்புடல. நான் கத்துவேன். ‘நீ சும்மா இருடா’ம்பாரு.”

பெரிய வீடு பெயருக்கேற்றபடி பெரிசாகத்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம் மட்டும்தான் புழக்கம். இப்போது அங்கே இருப்பவர் பழைய பண்ணைக்காரர் கிருஷ்ணமூர்த்தியின் மகன். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், மனைவி இல்லை, மகன் பெங்களூரில். மிச்சமிருக்கும் நிலத்தைப் பயிர் வைக்கிறார். சாமுவேலைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

“வாப்பா சாமு. உள்ள வா. இன்னா வாசல்லயே நிக்கிற? உக்காரு.”

எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே மாதிரி டம்ளரில் காப்பி. டிரைவரையும் உள்ளே கூப்பிட்டார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவரை வில்லனாக வைத்துப் பார்ப்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை.

சாமுவேல் கல்லைப் பற்றிச் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சின்னான் அப்டியா கேட்டான்?” அவருக்கு ஏசுபாதம் எப்போதும் சின்னான்தான். எஸ்தரம்மாவைக் கட்டியபோது கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர்தான் ஏசுபாதம். “நல்ல மனுசன்பா. எங்க ஊட்டுப் பேர போட்டுக்கோ. எங்களுக்குப் பெருமதான். கல்லு செலவ நானே தரேன்.”

“வேணாங்க. அதுக்கு வரல. எங்க தாத்தா கிஷ்டன பத்தித்தான் கேக்கலாம்னு…”

“எந்தக் கிஷ்டன்?”

“எங்கப்பாவோட அப்பா. ‘கி’ன்னு இனிஷியல் கீதே.”

பெரியவர் சாதாரணமாக, ஒரு மறந்துபோன வேடிக்கையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“அது எங்கப்பா பேருப்பா. கிருஷ்ணமூர்த்தி. கம்பெனில சேரப் போனப்ப இனிஷியல் கேட்டாங்களாம். சின்னானுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. இங்க வந்து அப்பாகிட்ட நின்னான். ‘என் பேரையே போட்டுக்கோடா’ன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

சாமுவேல் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“அப்ப எங்க தாத்தா?”

“அது யாருக்குப்பா தெரியும்? அவங்கம்மா இங்க நடவுக்கு வந்தவ. கைக்கொழந்தயோட வந்தா. அவ செத்துட்டா. கொழந்த இங்கியே வளந்துது.”

“அவங்க பேரு?”

பெரியவர் யோசித்தார். நிஜமாகவே முயற்சி செய்தார், நெற்றியைத் தேய்த்தார். வரவில்லை. அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டு வர அவர் தெரிந்ததிலிருந்து தொடங்கினார்: அப்போது தொழுவத்தில் ஆறு மாடு, செவலை, மயிலை, கொம்பன், ஒரு லட்சுமி, லட்சுமியின் கன்று… சின்னான் செவலையின் பக்கத்தில்தான் படுப்பான். ஒரு தடவை பொன்னேரிக்கு ஓடிவிட்டான். “பன்னெண்டு வயசிருக்கும். எங்கப்பா ஆள உட்டுப் புடிச்சாந்து ரெண்டு நாளு அந்தக் கொட்டாயிலயே கட்டிப் போட்டாரு. அதுக்கப்புறம் ஓடவே இல்ல. அவ்ளோ நம்பிக்கையான ஆளு.”

ரோமில் ஒரு அருங்காட்சியகத்தில் இரும்பு வளையம் ஒன்றைப் பார்த்தேன். ஓடிப்போன அடிமையின் கழுத்தில் மாட்டுவது. இவனைப் பிடித்து எஜமானிடம் சேர்த்துவிடுங்கள் என்று எழுதித் தொங்கவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் படம் எடுத்தோம். இங்கே நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாமுவேல் எழுந்தார். “வரோங்க,” என்றார். பெரியவர் வலிக்கும் காலோடு வாசல்வரை வந்தார். “நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

பாதி வழியில் சாமுவேல் நிறுத்தச் சொல்லி, இறங்கி, வரப்பு ஓரமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, “பாவம்க்கா,” என்றார். பிறகு அவரும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் எஸ்தரம்மா கதவிலேயே நின்றிருந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“இத்தினி வருசம் சொல்லல?”

“இன்னா சொல்லச் சொல்ற? உங்கப்பாவுக்கு அப்பன் பேரு தெரியாது, ஆத்தா பேரும் தெரியாதுன்னா? நீ ஸ்கூல் போவறப்ப ஒரு நாளு தாத்தா பேரு கேட்ட. அவரு முழிச்சாரு. அப்புறம் கிஷ்டன்னாரு. ராத்திரி என்கிட்ட, ‘ஊர்ல இருக்கிற பேருதானே, யாரும் கேக்கமாட்டாங்க’ன்னு சொல்லி அயுதாரு.”

சாமுவேல் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்டிப்பட்ட ஊட்டோட பேர எதுக்குமா கல்லுல கேட்டாரு? கட்டிப் போட்டாங்களாம்மா அவர.”

“கட்டிப் போட்ட தழும்ப நான் பாத்திருக்கேன். நீ இன்னிக்கிதான் கேக்குற.” எஸ்தரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆளுன்னு போடச் சொல்லிக் கேக்கலடா அவரு. ஊடுன்னு ஒண்ணு போடச் சொல்லிக் கேட்டாரு. எல்லாருக்கும் இன்னாரு மவன், இன்னாரு ஊடுன்னு ஒண்ணு இருக்குது. அவருக்கு அது ஒண்ணுதான் இருந்துது. வேற எந்த ஊட்ட சொல்லுவாரு?”

நான் எதற்காக அழைக்கப்பட்டேனோ அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். ரோமில் அந்தக் கற்களை வைத்தவர்களுக்கும் இதே காரணமா என்று எனக்குத் தெரியாது. சிலர் பெருமையாகவே போட்டிருப்பார்கள். பெரிய குடும்பத்தின் பெயர் வியாபாரத்துக்கு உதவியிருக்கும். சிலருக்கு வேறு வழி இருந்திருக்காது. எந்தக் கல்லும் காரணத்தைச் சொல்வதில்லை. சாமுவேலிடம் ஒன்றை மட்டும் சொன்னேன். விடுதலைக்குப் பிறகு அந்த மனிதர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் கல்லில் ‘மகன்’ என்ற எழுத்து வந்துவிடும். அங்கே இருப்பது அப்பாவின் எழுத்து, எஜமானுடையது அல்ல.

“என் இனிஷியல் ஏ, மேடம்,” என்றார் அவர். “ஏசுபாதம்.” அப்போதுதான் அழுதார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மூவரும் கல் வெட்டும் கடைக்குப் போனோம். ஜி.என்.டி. சாலையில், பஜாரை ஒட்டி. கறுப்புப் பளிங்குப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்துக் காட்டிவிட்டுத்தான் மெஷினில் வெட்டுகிறார். சிலுவையைப் போட்டார். ‘ஏசுபாதம்’ என்று அடித்தார். திரும்பாமலே கேட்டார்:

“இனிஷியல்?”

பின்னால் மெஷின் வேறொரு கல்லை வெட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இனிஷியல் வேணாம்பா,” என்றார் எஸ்தரம்மா. “கீழ எழுது. எஸ்தர் ஊட்டுக்காரர்.”

“கணவர்னு போடலாம்மா. கல்லுல வீட்டுக்காரர்னு யாரும் போடமாட்டாங்க.”

“நாப்பத்தஞ்சி வருசம் நான் அவர ஊட்டுக்காரர்னுதான் சொன்னேன். கணவர்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஊட்டுக்காரர்னே போடு.”

கடைக்காரர் சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுறப்ப ‘வீ’ போட்டு எழுதுங்க,” என்றார் மெதுவாக. “எஸ்தர் வீட்டுக்காரர். அதுக்குக் கீழ, சாமுவேலின் அப்பா.”

எஸ்தரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இத அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்,” என்றார். “இது உன் ஊடுய்யான்னு ஒரு தடவ சொல்லியிருந்தா, அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் அங்க போயிருக்க மாட்டாரு. எனக்குத் தோணலையே.”

கடைக்காரர் எழுந்து மெஷினை நிறுத்திவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்லறைக்குப் போய்விட்டுத்தான் ரயில் ஏறினேன். கோயிலுக்குப் பின்னால் சின்ன இடம். மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர். ஏசுபாதத்தின் மண்மேட்டில் ஆறேழு செங்கல்லும், காய்ந்த சாமந்தி மாலையும். காற்றில் இரும்பு காய்ச்சும் வாசனை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: கும்மிடிப்பூண்டியில் சுற்றுலா என்று எதுவும் இல்லை. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். மதியத்தில் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது. சுவர்களுக்கு வெளியே நின்று படம் எடுத்தால் காவலாளிகள் வந்துவிடுவார்கள். ரோமுக்குப் போகிறவர்கள் ஆப்பியா சாலைக்குக் காலையிலேயே போங்கள். ஞாயிறென்றால் வண்டித் தொந்தரவு குறைவு, நல்ல செருப்பு வேண்டும். அங்கே F என்ற எழுத்து மகனைக் குறிக்கும், L விடுவிக்கப்பட்டவனை. L இருக்கும் கற்களின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். அவனைப் பெற்றவர்கள் எங்கேயோ இருந்திருப்பார்கள்; அவர்களுக்கு எழுத்தே இல்லை.

தை மாதம் கல் வைத்தார்கள். என்னால் போக முடியவில்லை. சாமுவேல் படம் அனுப்பினார். ‘பெரிய வீடு’ அதில் இல்லை. அப்பா கேட்டதைச் செய்யவில்லை என்ற வருத்தம் தனக்கு இன்னும் போகவில்லை என்று எழுதியிருந்தார். அன்று மாலை எஸ்தரம்மா போனில் வந்தார்.

“நல்லா பெருசா வெட்டிக்கிறாங்க மா. தூரத்துலருந்தே படிக்கலாமாம். எனக்குத்தான் படிக்க வராது. ஊடுன்றது எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு சாமுவக் கேட்டேன். காட்டுனான். மேல ஒரு சுழி போட்டுக்குனு கீது. அத மட்டும் தொட்டுட்டு வந்தேன்.”